மேய்ப்பன் இல்லாத ஆடுகள்: கரிசல் காட்டில் ஒரு வசனம்

மத்தேயு நற்செய்தியின் 9ஆம் அதிகாரம், 36ஆம் வசனம், திரளான மக்களைக் கண்டு இயேசு மனதுருகியதைச் சொல்கிறது. மேய்ப்பன் இல்லாத ஆடுகளைப் போல அவர்கள் தளர்ந்தும் சிதறியும் கிடந்ததே காரணம். அதற்கு முந்தைய பக்கங்களில் குஷ்டரோகி, நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரன், திமிர்வாதக்காரன், பன்னிரண்டு ஆண்டுகளாக உதிரப்போக்கால் வாடிய பெண், பார்வையற்ற இருவர் என்று நோயாளிகள் தனித்தனி ஆட்களாக வருகிறார்கள். இந்த இடத்தில் பார்வை தனி ஆளைவிட்டுக் கூட்டத்தின் மேல் விழுகிறது. அடுத்த வசனத்திலேயே பேச்சு வயலுக்குப் போகிறது: அறுப்பு மிகுதி, வேலையாட்கள் குறைவு. 10ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு சீடர்கள் ஊர்களுக்கு அனுப்பப்படுகிறார்கள்.

மாற்கு இதே உவமையை வேறொரு நிகழ்ச்சியில் வைக்கிறார் (6:34). படகைவிட்டு இறங்கும் இயேசு கரையில் கூட்டத்தைக் காண்கிறார், மனமிரங்குகிறார், நெடுநேரம் போதிக்கிறார். பொழுது சாய்ந்ததும் சீடர்களுக்குக் கவலை வருகிறது. இவர்களை அனுப்பிவிட்டால் அக்கம்பக்கத்து ஊர்களில் ஏதாவது வாங்கிச் சாப்பிட்டுக்கொள்வார்கள் என்று யோசனை சொல்கிறார்கள். சாப்பாட்டை நீங்களே கொடுங்கள் என்று பதில் வருகிறது. ஐயாயிரம் பேர் பசும்புல்லில் பந்தி பந்தியாக உட்கார்ந்து உண்கிறார்கள். ஆக, உவமை ஒன்று, அதன் பின்விளைவு இரண்டு: மத்தேயுவில் ஆள் அனுப்புதல், மாற்குவில் போதனையும் சோறும்.

இரண்டுக்கும் அடியில் மூன்றாவது ஒன்றும் கிடக்கிறது. அது பழைய ஏற்பாட்டிலிருந்து வருவது, மேய்ப்பர்கள் மீதான குற்றச்சாட்டு. சிவகாசியிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் இந்த வசனம் 170 ஆண்டுகளாக வாசிக்கப்பட்டு வருகிறது. ஆள் அனுப்பும் கட்டளையாக அது அங்கே அதிகம் வாசிக்கப்பட்டிருக்கிறது. சோறு போடும் கட்டளையாகவும் ஓரளவு எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. குற்றச்சாட்டாக அதைப் பிரசங்க மேடையில் கேட்பது அபூர்வம். அந்த வட்டாரத்துக்கு மிகப் பொருந்துவதோ அந்த மூன்றாவது வாசிப்புதான்.

உவமை இயேசு புதிதாகச் சொன்னதல்ல. எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் மோசே தன் மரணத்தை எதிர்நோக்கி நிற்கிறான். தனக்குப் பின் இந்தச் சபை மேய்ப்பன் இல்லாத மந்தையாகிவிடக் கூடாது என்று அவன் கேட்க, யோசுவா நியமிக்கப்படுகிறான். 1 இராஜாக்கள் 22இல் மிகாயா தீர்க்கதரிசி ஆகாப் அரசன் முன் நின்று, இஸ்ரவேலர் எல்லோரும் மேய்ப்பன் இல்லாத ஆடுகளைப் போல மலைகளில் சிதறிக் கிடப்பதைத் தான் கண்டதாகச் சொல்கிறான். அரசன் போரில் சாகப் போகிறான் என்பதே அதன் பொருள். இரண்டு இடங்களிலும் மேய்ப்பன் என்பது ஆட்சியாளன். பாபிலோனிய அரசன் ஹம்முராபி தன் சட்டத் தொகுப்பின் முன்னுரையில் தன்னை மேய்ப்பன் என்றே அழைத்துக்கொண்டான். அந்தக் காலத்து மேற்காசியாவில் அது அரசர்களின் வழக்கமான பட்டம். திருக்குறளின் கொடுங்கோன்மை அதிகாரமும், காவலன் காக்காத நாட்டில் பசுக்கள் தரும் பயன் குறையும் என்று சொல்லித்தான் முடிகிறது. மேய்ப்பர் என்றால் போதகர் என்று பொருள் கொள்வது சபைகள் உருவான பிறகு வந்த பழக்கம்.

எசேக்கியேல் 34ஆம் அதிகாரம் இந்த உவமையின் உச்சம். எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்த காலத்துத் தீர்க்கதரிசி அவர். யூதாவின் தலைவர்கள் மீது அவர் சுமத்தும் குற்றங்கள் ஆட்டுத் தொழில் தெரிந்தவர் எழுதியவை போலவே இருக்கின்றன. மேய்ப்பர்கள் கொழுப்பைத் தின்றார்கள், கம்பளியை உடுத்தினார்கள், கொழுத்ததை அடித்தார்கள். பலவீனமானதைத் தேற்றவில்லை, நோயுற்றதைக் குணமாக்கவில்லை, கால் ஒடிந்ததற்குக் கட்டுப் போடவில்லை, காணாமல் போனதைத் தேடவில்லை. ஆடுகள் காட்டு மிருகங்களுக்கு இரையாயின. ஆகையால் கடவுள் தாமே மேய்ப்பராக வருவார். பிரசங்கங்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடும். அதிகாரம் நிற்பதில்லை. 17ஆம் வசனத்திலிருந்து கடவுள் ஆட்டுக்கும் ஆட்டுக்கும் இடையே நியாயம் தீர்க்கத் தொடங்குகிறார். கொழுத்த ஆடுகள் நல்ல மேய்ச்சலைத் தின்றுவிட்டு மிச்சத்தைக் காலால் மிதிக்கின்றன, தெளிந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியைக் கலக்கிவிடுகின்றன, மெலிந்தவற்றை விலாவாலும் தோளாலும் தள்ளிக் கொம்பால் முட்டுகின்றன. சுரண்டல் மேலிருந்து மட்டும் வருவதில்லை, மந்தைக்குள்ளும் உண்டு என்று இவ்வளவு கறாராகச் சொன்ன பழைய நூல்கள் குறைவு.

மத்தேயுவின் வாசகர்களில் யூத மரபு அறிந்தவர்கள் மேய்ப்பன் இல்லாத ஆடுகள் என்று கேட்டதும் இந்த அதிகாரத்தை நினைத்திருப்பார்கள். கலிலேயாவை அப்போது ஆண்டவன் ஏரோது அந்திப்பா. நாட்டில் அரசன் இருந்தான், ஆசாரியர்கள் இருந்தார்கள், வரி வசூலிக்க ஆள் இருந்தது. அவ்வளவு பேரும் இருந்தும் மேய்ப்பன் இல்லை என்று வசனம் தீர்ப்பெழுதுகிறது. கூட்டத்தின் மீது அதில் ஒரு பழிச்சொல்லும் கிடையாது. அறியாமையில் உழல்கிறார்கள், பாவத்தில் கிடக்கிறார்கள் என்று அந்த இடத்தில் மத்தேயு சொல்லவில்லை. தளர்ந்து கிடக்கிறார்கள் என்கிறார், அவ்வளவுதான். நற்செய்திகளில் இப்படி மனதுருகுவது பெரும்பாலும் இயேசு; மற்றபடி அவர் சொன்ன கதைகளில் வரும் சமாரியன், ஊதாரி மகனின் தகப்பன், கடனை மன்னித்த எஜமான் ஆகியோர். அவர்களில் ஒருவரும் உருகியதோடு நின்றுவிடவில்லை. சமாரியன் காயத்துக்கு எண்ணெய் வார்த்துச் சத்திரக்காரனிடம் காசும் கொடுக்கிறான். இயேசு இரங்கிய நாயீன் ஊர் விதவைக்கு அவளுடைய இறந்த மகன் திரும்பக் கிடைக்கிறான்.

பாலஸ்தீனத்து மேய்ச்சலைப் புரிந்துகொள்ள விருதுநகர் மாவட்டத்துக்காரர் புத்தகம் புரட்ட வேண்டியதில்லை. சாத்தூர், அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல் காடுகளில் பருத்தியும் சோளமும் எடுத்த பிறகு ஆட்டுக்கிடை மறிப்பார்கள். பல வீட்டு ஆடுகள் சேர்ந்தது ஒரு கிடை. எந்த ஆடு யாருடையது என்பதைக் காதில் போட்ட அடையாளம் சொல்லும். தலைவராக ஒரு கீதாரி இருப்பார். பகலெல்லாம் மேய்ந்த மந்தை இரவில் ஒரு சம்சாரியின் நிலத்தில் அடையும். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம், அதற்குக் கூலி பணமாகவோ தானியமாகவோ வரும். பச்சைக் குட்டிகளை மூங்கில் கூட்டில் அடைத்து வைப்பார்கள். ஆட்கள் கிடையை ஒட்டியே கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். நரிக்கும் நாய்க்கும் திருடனுக்கும் காவல் அவர்களே. பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தின் வேம்பூர், மேலக்கரந்தை, கீழக்கரந்தை ஊர்களின் பெயரால் அறியப்படும் வெள்ளையில் செம்புள்ளி விழுந்த செம்மறி இனம் இந்தக் காடுகளுக்கு உரியது.

கோடை உச்சிவெயிலில் செம்மறிகள் மேய்வதை நிறுத்திவிடும். ஒன்றின் வயிற்றடியில் ஒன்று தலையைச் செருகிக்கொண்டு, வட்டமாக, தரையைப் பார்த்தபடி நிற்கும். ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நிழல் மற்றதன் உடம்பு. கொஞ்ச தூரத்தில் கண்மாய்த் தண்ணீர் இருந்தாலும் ஓட்டுவதற்கு ஆள் வராமல் அந்த வட்டம் எளிதில் கலையாது. மேய்க்கிறவர் தொரட்டியால் வேலமரத்துக் கிளையை உலுக்கி நெற்றுக்களை உதிர்த்தால்தான் தலைகள் நிமிரும். மழைக்குப் பிந்திய இளம்புல்லை அளவு மீறித் தின்றால் துள்ளுமாரி வரும், அடைமழைக் காலத்தில் நீலநாக்கு நோய் வரும். எந்த ஆடு காலை இழுக்கிறது, எது அசைபோடவில்லை என்று தினமும் பார்க்கிற கண் இல்லாத மந்தை ஒரு பருவம்கூடத் தாங்காது. எசேக்கியேலின் பட்டியல் இந்தத் தினசரி வேலைகளின் பட்டியலே.

தமிழில் செம்மறியாட்டுக் கூட்டம் என்பது வசவு. யோசிக்காமல் ஒருவர் பின்னால் ஒருவர் போகிறவர்களை அப்படி ஏசுவது வழக்கம். நற்செய்தியின் உவமையில் அந்த இளக்காரம் இல்லை. காவல் தவறிய மந்தையால் விளையும் சேதத்தின் பழி யார் தலையில் விழும் என்பது வேறு கதை. கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனின் ‘கிடை’ குறுநாவல் அதைத்தான் சொல்கிறது. ஆடுகள் பருத்திக் காட்டில் புகுந்து அழித்துவிடுகின்றன, ஊர் கூடித் துப்பு விசாரிக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு மேல்சாதி ஆண் கல்யாண மாப்பிள்ளையாகிறான், தாழ்த்தப்பட்ட பெண் பேயோட்டப்படுகிறாள்.

கால்நடையின் துயரத்தைக் கண்டு இரங்குவது தமிழ்ச் சமய மரபுக்குப் புதிதல்ல. பெரியபுராணத்தில் வரும் திருமூலர் கதை மத்தேயு வசனத்துக்கு மிக அருகில் வருகிறது. பொதிகைக்குப் போகும் சிவயோகி ஒருவர் திருவாவடுதுறைப் பக்கம் காவிரிக் கரையில் ஒரு காட்சியைக் காண்கிறார். சாத்தனூர் இடையன் மூலன் இறந்து கிடக்கிறான், பசுக்கள் அவன் உடலைச் சுற்றி நின்று கதறுகின்றன. யோகி பசுக்களின் துயரம் தீர்க்க முடிவு செய்கிறார். ஆறுதல் சொல்ல அவற்றுக்கு மொழி கிடையாது, வேறு இடையனைத் தேடிப் பிடிக்கவும் நேரமில்லை. தம் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலனின் உடலில் புகுந்து எழுகிறார். பசுக்கள் மகிழ்ந்து மேய்கின்றன, சாயங்காலம் அவற்றை ஊருக்கு ஓட்டிவந்து விடுகிறார். திரும்பிப் போனால் தம் உடலைக் காணோம். இடையனின் உடம்போடேயே இருந்து அவர் பாடியதுதான் திருமந்திரம் என்பது மரபு. இரக்கப்பட்டவர் பழைய நிலைக்குத் திரும்ப முடியாமல் போவது இந்தக் கதையின் ஆழமான இடம். வார்த்தை மாம்சமானது என்ற கிறிஸ்தவக் கோட்பாட்டோடு இதை ஒப்பிடலாம். அளவுக்கு மீறி இழுத்தால் இரண்டு மரபுக்கும் அநியாயம் செய்ததாகும். சைவ சித்தாந்தத்தில் உயிர் பசு, இறைவன் பதி, இடையில் பாசம் என்ற கட்டு. அங்கே பசுவின் துயரம் கட்டப்பட்டிருப்பது. மத்தேயுவின் ஆட்டுக்கோ நாதியற்று விடப்பட்டிருப்பதே துயரம்.

இந்த வசனத்தைச் சுமந்துகொண்டு சிவகாசிக்கு வந்தவர்களில் முதன்மையானவர் தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட். 1815இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் 1841ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்று, கார்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஃபெல்லோ ஆனவர். 1846இல் சர்ச் மிஷனரி சொசைட்டியின் செயலாளராகச் சென்னைக்கு வந்தார். திருநெல்வேலியின் தெற்குப் பகுதியில் சபைகளும் பள்ளிகளும் பெருகியிருந்த காலம் அது. சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் அடங்கிய வடபகுதியில் அநேகமாக ஒன்றும் இல்லை. ஓரிடத்தில் பங்களா கட்டி உட்காராமல் கூடாரத்தோடு ஊர் ஊராகப் போகும் ஊழியத்தை அவர் 1854இல் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் ஆகியோருடன் தொடங்கினார். தெற்கத்திச் சபைகள் தங்கள் செலவில் உபதேசியார்களை முறைவைத்து அனுப்பிவைத்தன. இந்த வேலையின் பெரும்பாரத்தை அவர்களே சுமந்தார்கள். மிஷனரி வரலாறுகளில் அவர்களுக்குக் கிடைத்த இடம் சொற்பம். ராக்லண்ட் 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இரத்தக்குழாய் வெடித்து இறந்தார். வயது 43. அவர் காலத்தில் மனம் மாறியவர்கள் மிகச் சிலர். நிலத்தில் விழுந்து சாகும் கோதுமை மணியே ஊழியத்தின் வழி என்று நம்பியவர் அவர். டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் பின்னாளில் அவர் வரலாற்றை எழுதினார். சிவகாசியை ஒட்டிய சாட்சியாபுரம் அந்த மிஷன் விட்டுச்சென்ற ஊர்.

இது மத்தேயுவின் வழியில் போன வாசிப்பு: கூட்டத்தைப் பார், ஆள் அனுப்பு. அதில் இருந்த தியாகத்தை மறுக்க முடியாது. அதன் குறை வேறிடத்தில் இருந்தது. அந்த ஊர்களில் மேய்ப்பனே இல்லை என்று முடிவு செய்தவர்கள், எல்லையில் அரிவாளோடு நின்ற கருப்பசாமியையும் மண்குதிரைகள் சூழ்ந்த அய்யனாரையும் மக்கள் காவல்காரர்களாகவே கருதினார்கள் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. வேறு மேய்ப்பன் இருந்த இடத்தை மேய்ப்பன் இல்லாத இடம் என்று பெயரிட்டது 19ஆம் நூற்றாண்டு மிஷன் எழுத்துகளில் எங்கும் காணும் பழக்கம். வசனம் குறிவைத்த ஆகாபும் அந்திப்பாவும் அந்த வாசிப்பில் காணாமல் போனார்கள். ஜமீனும் சாதியும் கந்துவட்டியும் அதனால் எளிதாகத் தப்பித்தன.

மாற்குவின் வழியில் போன வாசிப்புக்கு இந்த மண்ணில் கிடைக்கும் மிகச் சிறந்த சான்று தேவாலயத்துக்கு வெளியே இருக்கிறது. 1903இல் விருதுபட்டியில் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, வழியில் ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனைக் கண்டு, ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்டாராம். போனால் சோறு யார் போடுவார் என்று பையன் திருப்பிக் கேட்டானாம். இடமும் வார்த்தைகளும் மாறிமாறிப் பல வடிவங்களில் சொல்லப்படும் கதை இது. கதை எப்படியிருந்தாலும் 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் வந்தது வரலாறு. கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அதை ஊர்மக்களின் ஒத்துழைப்போடு பரப்பினார். போதனையும் உணவும் ஒரே இடத்தில், ஒரே நாளில் கிடைக்க வேண்டும் என்ற ஏற்பாடு மாற்கு 6ஆம் அதிகாரத்தின் அமைப்பே. சீடர்கள் சொன்னதைப் போலத்தான் அன்றைக்கும் சிலர், இது அரசாங்கத்தின் வேலையா, காசுக்கு எங்கே போவது என்று கேட்டார்கள். இன்னொன்றையும் கவனிக்கலாம்: கதையில் நாதியற்று நிற்பது ஆடு அல்ல, அதை மேய்க்கிற பையன். மேய்ப்பர்களை அன்பின் உருவமாக வரையும் ஞாயிறு பள்ளிப் படங்களில் இந்தப் பையன் இடம்பெறுவதில்லை. டெல்டா மாவட்டங்களில் கடனுக்கு ஈடாக ஆடு மேய்க்க விடப்பட்ட சிறுவர்களை அதிகாரிகள் மீட்ட செய்திகள் அண்மை ஆண்டுகளிலும் வந்தன.

மூன்றாவது வாசிப்புக்கு வந்தால், சிவகாசியைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. அய்யநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியது 1920களின் தொடக்கம். மழை குறைந்த கரிசல் பூமியில் அந்தத் தொழிலும், பின்னால் வந்த பட்டாசும் அச்சும் பல லட்சம் பேருக்குச் சோறு போட்டன. நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. அந்த உழைப்பில் நெடுங்காலம் குழந்தைகளின் விரல்களும் இருந்தன. விடியுமுன் வேனில் ஏற்றிப் போய் இருட்டிய பிறகு கொண்டுவந்து விடப்பட்ட பிள்ளைகளைப் பற்றி சலம் பென்னூர்கர் 1990இல் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படம் எடுத்தார். சிவகாசிக் குழந்தைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. அபாயமான தொழிலில் வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குக் கட்ட வேண்டும், குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றது. பெரிய ஆலைகளில் குழந்தைகளை வைப்பது அதன்பின் வெகுவாகக் குறைந்தது. எசேக்கியேல் கேட்ட மாதிரியே, யார் கொழுப்பைத் தின்றது என்று கேட்டுவிட்டுத் தண்டத்தொகையையும் எழுதிய தீர்ப்பு அது.

மந்தைக்குள்ளே நடக்கும் முட்டல் இன்னும் ஓயவில்லை. பட்டாசு ஆலைக்கு உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். மத்திய வெடிபொருள் துறை தரும் நாக்பூர் லைசென்ஸ் என்றால் ஊரில் தனி மதிப்பு. அவர் அறைகளைப் பிரித்து உள்குத்தகைக்கு விடுவார். குத்தகைக்கு எடுத்தவர் தீபாவளிக்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் அதற்கு மேல் ஆள் உட்காரும், வேலை மரத்தடிக்கும் நீளும். அலுமினியத் தூள் படிந்து வெள்ளியாக மினுங்கும் கையோடு வெடிமருந்து செலுத்துகிறவருக்குக் கூலி எண்ணிக்கைக் கணக்கில்தான், ஆகையால் கை நிதானிக்க முடியாது. உராய்வு ஒரு நொடி. விசாரணைகளில் உள்குத்தகையும் அளவுக்கு மீறிய ஆட்களும் திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன. குத்தகைக்காரரும் நேற்றுவரை கூலி வாங்கியவராக இருக்கக்கூடும். தெளிந்த நீரைக் குடித்துவிட்டு மீதியைக் கலக்குகிற ஆடு என்று எசேக்கியேல் சொன்னது அவரைத்தான். அவருக்கு மேலே நிற்கும் உரிமக்காரரும், பார்த்தும் பாராமலும் போகும் அதிகாரியும் அந்த 34ஆம் அதிகாரத்தின் முற்பகுதிக்கு உரியவர்கள்.

யோவான் 10ஆம் அதிகாரம் இந்த வட்டாரத்தில் இன்னும் சிக்கலானது. நல்ல மேய்ப்பன் ஆடுகளுக்காக உயிரைக் கொடுக்கிறான், கூலிக்காரனோ ஓநாயைக் கண்டதும் ஓடிவிடுகிறான், ஆடுகள் அவனுடையவை அல்ல என்பதால். ஊரே கூலிக்கு உழைக்கிற இடத்தில் இதைப் பிரசங்கிக்கிறவர் கொஞ்சம் தயங்க வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று நண்பகலில் சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்துச் சுமார் 40 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே அல்லர். புகையைக் கண்டு சுற்றுவட்டாரத்திலிருந்து ஓடிவந்து, உள்ளே சிக்கியவர்களைத் தூக்க முயன்றபோது அடுத்தடுத்த வெடிப்புகளில் மாட்டியவர்கள். கூலிக்காரர்கள் தீயை நோக்கி ஓடினார்கள். உவமையின் உட்கருத்து இதனால் கெடுவதில்லை. ஓடுகிறவன் ஓடுவது கூலி வாங்குவதாலல்ல, ஆடுகள் தன்னுடையவை என்ற எண்ணம் இல்லாததால் என்பதே யோவானின் வாதம். முதலிப்பட்டியில் அந்த எண்ணம் யாரிடம் இருந்தது என்று நாடே பார்த்தது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இன்னொரு வெடிவிபத்து நடந்தது, அதிலும் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள்.

இப்படி உயிர் கொடுக்கிறவர்களை ஆடுகள் என்று சொல்லலாமா என்ற கேள்வி எழுவது இயல்பு. பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ 1970களின் இறுதியில் ஆற்றிய உரைகளில் மேய்ப்பு அதிகாரம் என்ற ஒன்றைப் பற்றிப் பேசினார். மேய்ப்பன் மந்தை முழுவதையும் பார்க்கிறான், ஒவ்வோர் ஆட்டையும் தனித்தனியாக அறிகிறான். அந்த அறிவே பராமரிப்பு, அந்த அறிவே கட்டுப்பாடும். நவீன அரசு இந்த இரட்டைத் தன்மையைத் திருச்சபையிடமிருந்து பெற்றது என்பது அவர் கருத்து. மந்தை என்ற சொல்லைச் சபைகள் சொந்தம் கொண்டாடும்போது இந்த எச்சரிக்கையை மனதில் வைப்பது நல்லது. கொரிய இறையியலாளர் ஆன் பியுங்மு, மாற்குவில் வரும் கூட்டத்தையே ஆராய்ந்து, அது பெயரும் அந்தஸ்தும் மறுக்கப்பட்ட மக்கள் திரள், இயேசு அவர்களை நிபந்தனையின்றி ஏற்றார் என்று வாதிட்டார். மின்ஜுங் (மக்கள்) இறையியல் வளர்ந்தது இப்படிப்பட்ட வாசிப்புகளில். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த, பரட்டை என்று அறியப்பட்ட தியாபிலஸ் அப்பாவு, தலித் மக்களின் வாழ்விலிருந்து ஒரே உலை என்ற கருத்தை முன்வைத்தார். எல்லோரும் ஓர் உலையில் சமைத்து ஒன்றாக உண்பதே நற்கருணையின் பொருள் என்றார். ஐயாயிரம் பேர் உண்ட கதைக்கு இதைவிட நெருக்கமான விளக்கம் தமிழில் வந்ததில்லை. அங்கே மேய்ப்பனுக்கும் மந்தைக்கும் ஒரே பந்தி.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் இந்தக் கேள்விக்கு வேறொரு பக்கத்திலிருந்து வெளிச்சம் தருகிறாள். திருப்பாவையில் பக்தர்கள் பசுக்களாக வருவதில்லை, ஆயர்பாடிப் பெண்களாக வருகிறார்கள். கறவைகளின் பின்னே காட்டுக்குப் போய்ச் சேர்ந்து உண்பவர்கள், அறிவொன்றும் இல்லாத குலத்தார் என்று தங்களைச் சொல்லிக்கொண்டே, இறைவன் தங்கள் குலத்தில் பிறந்தான் என்று உரிமையும் கோருகிறார்கள். தெய்வமும் மேய்க்கிறது, மக்களும் மேய்க்கிறார்கள்.

மத்தேயுவும் கடைசியில் அந்த இடத்துக்குத்தான் வருகிறார். 9ஆம் அதிகாரத்தில் ஆடாகச் சொல்லப்பட்ட மக்களிடமிருந்தே 10ஆம் அதிகாரத்தில் மேய்ப்பர்கள் எடுக்கப்படுகிறார்கள். பட்டியல் பெயர் பெயராகத் தரப்பட்டிருக்கிறது: வலை இழுத்த பேதுருவும் அந்திரேயாவும், செபெதேயுவின் பிள்ளைகள், வரி வசூலித்த மத்தேயு. பொன்னும் பையும் இரண்டாம் அங்கியும் இல்லாமல் போகச் சொல்லப்படுகிறது. வேலையாள் தன் ஆகாரத்துக்குப் பாத்திரன் என்று கூலிக்கும் உத்தரவாதம் தரப்படுகிறது. அவர்களையே 16ஆம் வசனம் ஓநாய்களுக்கு நடுவே அனுப்பப்படும் ஆடுகள் என்றும் சொல்கிறது. ஆடும் மேய்ப்பனும் ஒரே ஆள் ஆகிவிட்டால், பரிவு மேலிருந்து கீழே விழும் தானமாக இருக்க முடியாது.

2024 நவம்பரில் விருதுநகரில் நடந்த அரசு விழாவில், பட்டாசு விபத்தில் இறந்தவர்களின் பிள்ளைகளுடைய படிப்புச் செலவை அரசு ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. மாற்குவின் பாதையில் அது நல்ல அடி. எசேக்கியேலின் பாதையில் மிச்சமிருக்கும் வேலை அதற்கு முந்தியது: உள்குத்தகையை நிறுத்துவது, அறைக்கு நான்கு பேர் என்ற விதியைத் தீபாவளிக்கு முந்தைய வாரத்திலும் காப்பது, எண்ணிக்கைக் கூலியின் அவசரத்தைக் குறைப்பது. இரக்கம் பற்றிப் பிரசங்கிக்கும் சிவகாசிச் சபைகள் இந்த மூன்றையும் பெயர் சொல்லிப் பேசத் தொடங்கலாம். அவற்றின் ஆராதனையில் உரிமக்காரரும் குத்தகைக்காரரும் மருந்து செலுத்துகிறவரும் ஒரே கூரையின் கீழ்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.